கால்மிஷினா, கைமிஷினா

யுத்தம் முடிந்து திரும்பிய என் தம்பிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பர்மா பக்கத்தில் வைத்துக் கால் போனது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பட்டாளத்தில் லாரிப் பிரிவில் இருந்தவன். திருச்சுழியில் அப்பா விட்டுப்போன வீட்டில் அவனும் அவன் மனைவியும் இருந்தார்கள். நான் அருப்புக்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே எனக்கு ஓர் அறை. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் தம்பியைப் பார்க்கப் போவேன். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். வா என்பான். அதற்குப் பிறகு நான்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவன் மனைவி கம்பங்காட்டில் களையெடுத்துக் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது.

அவனுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கித் தருவது என்று நானாகவே முடிவு செய்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்கிற தொழில், நாலு பேர் தேடி வருவார்கள் என்று தோன்றியது. பஜாரில் ஒரு டெய்லர் மதுரைக்குக் குடிபோகிறார், மிஷின்களை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு வைத்திருந்தார். ஒன்று கையால் சுற்றுவது, மற்றது காலால் மிதிப்பது.

அங்கேதான் என் நிம்மதி போனது. கைமிஷினை வாங்கினால், உனக்குக் கால் இல்லை என்று நானே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகும். கால்மிஷினை வாங்கினால் இல்லாத காலைக் கேலி செய்ததாக ஆகும். ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறுகையால் மட்டும் துணியைத் தள்ளினால் வேலை ஓடாது என்று டெய்லர் சொன்னார். தலைமையாசிரியை அம்மா கைமிஷின்தான் சரி என்றார். பாதிரியார் வீட்டம்மாவோ எதையுமே வாங்க வேண்டாம், ரோஷக்காரன், தப்பாக எடுத்துக்கொள்வான் என்றார். மூன்று வாரம் இப்படியே போனது. போர்டில் கணக்கை எழுதிவிட்டுப் பாதியில் நின்றுவிடுவேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

ஒற்றைக் காலால் மிதிக்க முடியுமா என்று தெரிந்தால் தீர்ந்துவிடும் என்று பட்டது. ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். டெய்லரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வலது காலைப் பின்னால் மடித்து ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு இடது காலால் மட்டும் மிதித்தேன். சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறுந்தது. மறுபடியும் அறுந்தது. வேர்த்துக் கொட்டியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் ஒரு பழந்துணியில் ஒரு முழத்துக்கு நேராகத் தையல் விழுந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் வந்து கால்மிஷினை விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று டெய்லர் சொன்னதும் அன்றே கால்மிஷினை வாங்கிவிட்டேன்.

ஸ்டாண்டைப் பஸ் மேலே கட்டினார்கள். மிஷின் தலையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அது பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து அந்த வாயுவில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் திணறி நிற்கும். நிற்கிற இடத்திலெல்லாம் தலையை வெளியே நீட்டிக் கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று மேலே பார்ப்பேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

வீட்டு வாசலில் ஸ்டாண்டைத்தான் முதலில் இறக்கினார்கள். தம்பி கட்டிலில் இருந்தபடியே மிதிபலகையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு காலுக்காரன் மிதிக்கிற சாமான எனக்கு எதுக்குக்கா?" என்றான்.

ஒற்றைக் காலே போதும், நானே மிதித்துப் பார்த்தேன் என்று அவசரமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"என்னய மாதிரி ஒக்காந்து மிதிச்சுப் பாத்தியா?"

அவன் கட்டையை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது அவன் மனைவி மட்டும் ரோடு வரைக்கும் கூட வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை போனபோது வேப்பமரத்தடியில் சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் மிஷின் துண்டு துண்டாகக் கிடந்தது. சக்கரம் ஒரு பக்கம், ஊசிக்கம்பி ஒரு பக்கம், தட்டு நிறையத் திருகாணிகள். ஆத்திரத்தில் உடைத்துப் போட்டுவிட்டான் என்றே நினைத்தேன். அவன் தரையில் உட்கார்ந்து ஒரு துண்டை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இத வாங்கயில உள்ள தெறந்து பாத்தியா?" என்று கேட்டான். பழைய எண்ணெய் இறுகி, உள்ளே தண்டு சுழலுகிற புஷ் வளையம் ஒன்று தேய்ந்து, இன்னும் ஆறு மாதம்கூட ஓடியிருக்காதாம். மூன்று வாரம் காலைப் பற்றியே யோசித்த நான் மிஷின் நன்றாக இருக்கிறதா என்று ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன்.

"பட்டாளத்துல நாலு வருசமும் லாரிக்கு அடியிலதான படுத்துக் கெடந்தேன். ரிப்பேர் வேல."

"நீ வண்டி ஓட்டுறவன்னுல்ல நெனச்சேன்."

"நீ கேக்கவே இல்லயேக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் சுட்டது.

பந்தல்குடியில் லாரி ஷெட் வைத்திருக்கும் பட்டாளத்துக்காரர் ஒருவர் அவனை ஏற்கெனவே கூப்பிட்டிருக்கிறார். தனியாக விட்டுவிட்டுப் போனால் மனைவி காட்டு வேலையிலேயே தேய்ந்துபோவாள் என்று தயங்கிக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது அவள் தைக்கட்டும் என்றான். அவள் காதில் அது விழுந்தது. வாசலில் நின்றவள், "எனக்குத் தெரியாதே மதினி, நீங்க சொல்லித் தாரீகளா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்தது ஒற்றைக் காலால் ஒரு முழம் தைக்க மட்டும்தான். அதையே சொல்லிக் கொடுத்தேன். தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

ஆனால் அதெல்லாம் மிஷினைத் திரும்பப் பூட்டி முடித்த பிறகு. அதற்கு முன்னால் அவன் கேட்கக் கேட்கத் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு, கால் எப்படிப் போனது என்று கேட்டேன். கை வேலையை நிறுத்தவில்லை. மழை, சகதி, பாலத்தில் வழுக்கிச் சரிந்த லாரி, அதன் அடியில் கிடந்த ஒரு பகல் என்று மத்தியானம் முழுக்கச் சொன்னான். நான் நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.