சித்தப்பாவுக்கு இட்ட கட்டளை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்ததும் மைசூரில் ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசராகச் சேர்த்துவிட்டவர் சித்தப்பா. அங்கே அவர்தான் மேஸ்திரி. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அந்தக் கெடு முடியும் வாரத்தில் தூண் விஷயம் நடந்தது.

புதிதாகக் கான்கிரீட் ஊற்றிய தூணைச் சுற்றியிருந்த பலகையை இன்றைக்குப் பிரிக்கக் கூடாது, ஆட்களிடம் சொல் என்றார் இன்ஜினியர். நானும் சொன்னேன்.

"இன்னிக்குப் பிரிக்க வேணாம்னு பாக்கறேன் சித்தப்பா."

பெரியவர்களிடம் எங்கள் பேச்சு அப்படித்தான். சித்தப்பா வானத்தைப் பார்த்தார். "அடிக்கற வெயிலுக்கு அது காஞ்சு கெடக்கும்டா" என்று பிரித்துவிட்டார். தூணின் ஒரு மூலை பலகையோடு பெயர்ந்து வந்தது.

இன்ஜினியர் எல்லார் முன்னாலும் என்னைத்தான் பிடித்தார். "ஹேளு, கேளபேடா!" என்று கன்னடத்தில் கத்தினார். சொல்லு, கேட்காதே. நாளைக்கும் உன் பேச்சு எடுபடாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சொல்லு என்றால் யாரிடம் சொல்வது? பலகை அடிப்பவர் மாமா. ஜல்லி சுமப்பவர் அத்தை. 'நிறுத்து' என்று சொல்ல வாய் வராது. 'நிறுத்துங்க' என்றால் கெஞ்சுவதுபோல இருக்கும், அவர்களும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கன்னடத்துக்குப் போனால் அங்கேயும் 'செய்'க்கு மாடு, 'செய்யுங்க'வுக்கு மாடி என்று இரண்டு.

தேவராஜ மொஹல்லாவில் காலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மறுநாள் கட்டளை வாக்கியப் பாடம் நடந்தது. ஸ்டாப். லிஃப்ட். போர் என்றால் ஊற்று. நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. சித்தப்பாவுக்கென்றே செய்த பாஷை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மாடித் தளத்துக்குக் கான்கிரீட். கலவையில் தண்ணீர் ஏறிவிட்டது. "ஸ்டாப்!" என்றேன்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "சிமென்ட். மிக்ஸ்." கலந்தார்கள். கலந்து முடித்து மறுபடி நின்றார்கள்.

"ஏன் சித்தப்பா நிக்கறீங்க?"

"தொர சொல்லலியே," என்றார் சித்தப்பா. முகத்தில் சிரிப்பே இல்லை.

"லிஃப்ட்!" அத்தை சட்டியைத் தலைக்குத் தூக்கி அங்கேயே நின்றாள். "தூக்கியாச்சு சாமி. எறங்குறதா, ஏறுறதா?"

"கோ! போர்!" கொட்டினார்கள். குவியலாகக் கிடந்தது. அதைப் பரப்ப யாரும் கரணையைத் தொடவில்லை. கரணைக்கு இங்கிலீஷில் என்ன என்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. கையை ஆட்டிக் காட்டினேன். "அது என்ன பாஷை, ஊமை பாஷையா?" என்றார் மாமா.

ஒவ்வொரு சட்டிக்கும் கத்தினேன். தொண்டை கட்டிப்போனது. தானாக ஓடுகிற வேலையை நான் ஒருவன் தள்ளிக்கொண்டிருந்தேன். வெயிலில் கலவை இறுகிக்கொண்டே வந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் இன்ஜினியர் ஏணியில் தலையை நீட்டினார். நான் இங்கிலீஷில் அதட்டுவதையும் ஆட்கள் அசையாமல் கேட்டு நிற்பதையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வெரி குட். வேலை உனக்குத்தான். கன்டினியூ!" என்று இங்கிலீஷிலேயே சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

"என்னடா சொல்றாரு?" என்றார் சித்தப்பா.

"இப்படியே நடத்தச் சொல்றாரு."

"சரி, நடத்து," என்று சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.