காது இரைச்சலோடு போடிக்குப் போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தூக்கம் தேடிப் போனேன். சென்னையில் டப்பிங் ஸ்டூடியோவில் வருடக்கணக்காக ஒலிக்கலவை செய்ததன் பலன், இடது காதுக்குள் ஓயாமல் ஒரு 'ஙொய்ங்'. பகலில் எப்படியோ சமாளித்துவிடுவேன். படுத்தால் போதும், கச்சேரி ஆரம்பித்துவிடும். இதற்கு மருந்து கிடையாது, மெல்லிய சத்தம் ஏதாவது போட்டுக்கொண்டு படுங்கள் என்றார் டாக்டர். இணையத்தில் கிடைக்கும் மழைச் சத்தம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன தொழில் புத்தி! மழையை எந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடும். அப்புறம் அடுத்த ஒட்டு எப்போது வரும் என்று முழித்துக்கொண்டே கிடப்பேன்.

அப்படித்தான் கிரானுலர் சிந்தசிஸ் மென்பொருள் பக்கம் வந்தேன். பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். ஒரு சத்தத்தை உள்ளே போட்டால், கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்னத் துணுக்குகளாக நறுக்கி, கலைத்து, தூவிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை வந்தது அதே மாதிரி மறுபடி வராது. ஆனால் போடுகிற சத்தம் நன்றாக இருக்க வேண்டும். என் கல்லூரித் தோழி கவிதா போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில் மேற்பார்வையாளர். ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பின்னால் எதுவோ சலசலவென்று கொட்டியது. "என்னடி அது?" என்றேன். "எது? ஓ, இதுவா? ஏலக்காய்டி. எங்களுக்கு இதெல்லாம் காதுலயே விழுறதில்ல" என்றாள். அக்டோபர் கடைசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மதுரையிலிருந்து போடி தொண்ணூறு கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். காலையில் ரயிலும் உண்டு, நான் எழுந்திருக்கும் லட்சணத்துக்கு அது எப்போதோ போய்விட்டிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொள்ளாயிரம் ரூபாய்க்கு சுத்தமான அறை கிடைத்தது. கிடங்குக்கு மறுநாள் வரச் சொல்லியிருந்தாள் கவிதா. அன்றைய பொழுதை வீணாக்குவானேன், மலையோரத்து ஓடைச் சத்தத்தையாவது எடுக்கலாம் என்று குரங்கணிக்கு ஜீப் பேசினேன். பதினாறு கிலோமீட்டர், போய்த் திரும்ப ஆயிரத்து ஐந்நூறு. ஓட்டியவர் முருகேசன் அண்ணன். தங்கமான மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது.

ஓடையில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை நிறுத்தி, ஹெட்போனை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஸ்டேட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கி வந்தது. அண்ணன் நடுரோட்டில் பாய்ந்துவிட்டார்.

"ஏப்பா, வண்டிய அமத்துங்க! அக்கா சத்தம் புடிக்கிறாங்க!"

அவர்களும் மரியாதையாக எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி வரிசையாக நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப்பிறகு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் இதே பாட்டு. எடுத்ததில் தண்ணீரைவிட அண்ணன் குரல்தான் அதிகம். மீந்த கொஞ்சத்தை அறைக்கு வந்து மென்பொருளில் போட்டேன். ஓடை, எண்ணெயில் வடை பொரிவது போலக் கேட்டது. அதற்கு மேலே என் 'ஙொய்ங்' ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்து இதுதானா என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கிடங்கு. உள்ளே கால் வைத்ததுமே வாசனை ஆளைத் தூக்கியது. முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தட்டில் கொட்டிய காயைக் கையால் ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வருவதைக் கவிதா சொல்லிவைத்திருந்தாள் போலிருக்கிறது. இருப்பதிலேயே உருண்டு திரண்ட, பச்சை மாறாத காயாகப் பார்த்து எனக்கென்று ஒரு கூடை எடுத்துவைத்திருந்தார்கள். பாண்டியம்மாள் என்று ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்காதான் அதைப் பெருமையாகக் கொட்டிக் காட்டினார். பொத்பொத்தென்று விழுந்தது. நல்ல காய் முட்ட முட்ட நிறைந்திருக்கும், உள்ளே விதை ஆட இடமில்லை. எனக்கு உள்ளுக்குள் சப்பென்று போய்விட்டது.

அப்போதுதான் மூலையில் ஒருத்தி, கழித்துப்போட்ட சூம்பின காயையும் வெடித்த காயையும் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். கலகலவென்று, காய்ந்து, லேசாக, ஆயிரம் விதமாக ஒரு சத்தம். "அது! அதுதான் வேணும்!" என்று கத்திவிட்டேன்.

"அடி ஆத்தீ! கழிசலையா எடுக்கப் போற?" என்றார் பாண்டியம்மாள் அக்கா. "நல்ல காயி இம்புட்டு இருக்கையில அதப் போயி ஊருக்குக் காட்டுனா, போடிக் காயே இப்பிடித்தான்னு சிரிக்க மாட்டாங்களா? விட மாட்டேன்த்தா."

மற்றவர்களும் அவர் பக்கம்தான். கவிதா சொல்லியும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். இது ஊருக்கு இல்லக்கா, என் காதுக்கு மட்டும்தான், உள்ளே இரைகிறது, தூங்கி நாளாகிறது என்று.

அக்கா என்னையே பார்த்தார். "படுத்தாத்தான் கூடுமோ?"

"ஆமாக்கா."

"வண்டு பறக்குறாப்புலயா?"

"உங்களுக்கும் இருக்கா?"

"யாருகிட்டயும் சொல்லல. கிறுக்குப் புடிச்சிருச்சும்பாங்கன்னு பயந்துகிட்டே கெடந்தேன்" என்றார் தணிந்த குரலில். பிறகு முறத்தை இழுத்து, கழிசல் காயை அவரே அள்ளி, தகரத் தட்டில் மெல்ல மெல்லச் சரித்தார். மற்றவர்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக! அந்த முப்பது பேருக்கும் நான் என்ன செய்துவிட முடியும்?

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து சத்தத்தை நறுக்கித் தூவினேன். துணுக்கின் அளவைக் குறைத்து, சுருதியை ஏற்றிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் என் 'ஙொய்ங்' அதற்குள் கரைந்து, காணாமலே போய்விட்டது. ஹெட்போனைக் கழற்றி அக்காவுக்கு மாட்டினேன். என் காதுக்கு வைத்த சுருதி அவருக்குச் சரிவரவில்லை. அவர் கையால் 'கீழே, கீழே' என்று காட்ட, நான் இறக்கினேன். சட்டென்று கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். நிறையநேரம் திறக்கவேயில்லை. அவருடைய போனில் ஒன்று, என்னுடையதில் ஒன்று என்று இரண்டு சுருதியிலும் சேமித்தேன்.

இதே மாதிரி சத்தம் எடுக்கப் போகிறவர்களுக்கு: ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை காய் வரத்து இருக்கும், அப்போது போங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை கட்டாயம் வேண்டும். குரங்கணிக்கு மேலே நடப்பதானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அட்டைக்கு உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் வாசலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஊருக்குத் திரும்பியபின் நன்றாகவே தூங்குகிறேன். போன வாரம் பாண்டியம்மாள் அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் பேசியிருந்தார்:

"ஏத்தா, இன்னைக்கு உன் சிநேகிதிகிட்ட செம ஏச்சு வாங்குனேன். சோலிக்கு வர ஒம்பதரை ஆயிருச்சு. விடிஞ்சதே தெரியலத்தா எனக்கு!"