நிறத்தை மாற்றியது யார்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் இணையதளத்தைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்த புதிது. தளத்தை உருவாக்கியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, கடையின் மாடி அறையில் உட்கார்ந்து, அவர் எழுதிவைத்த நிரலைப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மதியம் ஒரு பெண் போன் செய்தாள். கல்யாணப் புடவையை எங்கள் தளத்தில் ஆர்டர் கொடுத்திருந்தவள். புடவை முழுக்கக் கருநீலம் கேட்டிருந்தாள்.

"இப்ப பார்த்தா அரக்குன்னு இருக்குது மேடம். நான் மாத்தவே இல்ல."

நல்லவேளை, நூல் இன்னும் சாயத்துக்குப் போகவில்லை. முதலாளியிடம் சொன்னேன். எதிர்க்கடைக்காரர் தும்மினால்கூட அதில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக நினைப்பவர் அவர். "அவங்க வேலைதான்" என்றார் உடனே. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ வந்தப்புறம்தாம்மா இப்படி ஆவுது."

எனக்குச் சுருக்கென்றது. மாடிக்குப் போய் நிரலைத் திறந்தேன்.

வாடிக்கையாளர் நிறத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தியதும், அவர் நிரப்பியதெல்லாம் ஒரு பொட்டலமாக எங்கள் சர்வருக்கு வந்து சேரும். சர்வர் அதைப் பிரித்துப் பார்த்துச் சேமிக்கும். அனுப்பியது யார் என்று அது கேட்கிறதா? சோதிப்பதற்காக நானே ஒரு பொய் ஆர்டர் போட்டேன். பிறகு யாரோ ஒருத்தி போல வெளியிலிருந்து, தளத்தின் திருத்தப் பக்கத்தில் அந்த ஆர்டர் எண்ணை மட்டும் கொடுத்து, நிறத்தை மாற்றி அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. எண் தெரிந்த யார் வேண்டுமானாலும் யாருடைய புடவையையும் மாற்றலாம்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எண் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

"பேமிலி குரூப்ல ஆர்டரை அப்படியே போட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் அதுல இருக்காங்க." கொஞ்சம் தயங்கினாள். "என் வருங்கால மாமியாராத்தான் இருக்கும். கலரைக் காட்டினப்பவே அவங்க மூஞ்சி சரியில்ல."

என் சந்தேகமும் அந்த முகம் தெரியாத அம்மாள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

நிறத்தைக் கருநீலமாகவே திருத்தினேன். இனி யார் மாற்றினாலும், ஆர்டர் கொடுத்தவரின் போனுக்கு ஓடிபி போகும், அதைப் போட்டால்தான் மாற்றம் ஏறும் என்று எழுதி முடித்தேன். மறுபடி முயற்சி நடக்கும் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. நடந்தது. அதே எண்ணுக்கு, அதே அரக்கு. ஓடிபி இல்லாமல் வாசலிலேயே நின்றது.

சற்று நேரத்தில் அந்தப் பெண் அழைத்தாள். குரல் தணிந்திருந்தது.

"மேடம், எனக்கு ஓடிபி வந்துச்சு. என்னாடான்னு பார்த்துக்கினு இருந்தேன். எங்க அம்மா சமையல்கட்டுலருந்து வந்து, 'உன் போன்ல ஏதோ நம்பர் வந்துதாமே, அது என்னா சொல்லு'ன்னு கேக்கறாங்க."

"உனக்குப் பிடிச்சதை எடும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது அந்த அம்மாதானாம்.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவே கூசினார்.

"முகூர்த்தத்துக்குக் கருப்பாட்டம் கட்டிக்கினு வந்தாளுன்னு நாளைக்கு மாப்பிள்ளை ஊட்ல ஒரு சொல்லு வந்தா, அதைக் கேக்கப்போறது இவதானே?" என்றார்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றாள் மகள்.

"சொன்னா கேட்டிருப்பியா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனதும், மகள் முதலாளியிடம், "புடவை கருநீலமே இருக்கட்டும். பார்டர் மட்டும் அரக்கு போடுங்க. அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க" என்றாள். அவளுடைய போனிலேயே மாற்றினாள். இருவரும் ஒரே ஆட்டோவில்தான் போனார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி.

முதலாளி என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். "இதுக்கு முன்னாடி மாறின ஆர்டரெல்லாம் எவன் மாத்தினான்னு தெரியலியேம்மா" என்றார். அது நியாயமான பயம்.

அன்று மாலை முழுவதும், இடையில் நிறம் மாறிய ஆர்டர்களைக் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். நிறத்தை நீங்கள்தான் மாற்றினீர்களா என்று கேட்டேன். ஆமாம், ஆமாம் என்றார்கள். ஒருவர் மட்டும் ஆமாம் என்று சொல்லவில்லை. பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நான் மாத்தலியே. ஏன் கேக்கறீங்க?" என்றார்.