கதவோரம் யாருக்கு

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. தனசேகரின் மனைவி விஜயா. "மேடம், அவரு பூட்டாரு. விடிகாலைல. மூச்சு வுட முடியல." எனக்கு வியப்பில்லை. நாலு வருடமாக எதிர்பார்த்த செய்தி.

தனசேகர் அவர்களைத் திருவொற்றியூரில் 'பூத்' சேகர் என்றால்தான் தெரியும். போலியோ தாக்கிய கால்கள், அக்குளில் இரண்டு கட்டைகள், தேரடிப் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத். ஊனமுற்றவர்கள் நடித்த, ஊனமுற்றவர்களே எடுத்த படங்களைத் தேடிப்பிடித்து, ஆண்டுதோறும் ஒருநாள் திரைப்பட விழா நடத்தினார்.

என்னிடம் முதலில் வந்தது கல்லூரிப் புரொஜெக்டரைக் கேட்டு. பரிதாபத்தைக் காட்சிக்கு வைக்கும் இன்னொரு கூட்டம் என்று நினைத்தேன், சொல்லியும்விட்டேன். அவர் சிரித்தார். "அழுவுறதுக்கு எங்க வூட்லயே ஆளு கீது மேடம். நீங்க மிஷினக் குடுங்க, போதும்."

முதல் விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சேகர் படங்களைவிட நாற்காலிகளோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார். சக்கர நாற்காலிகளும் கட்டை ஊன்றுபவர்களும் வாசலோரம். நன்றாக நடப்பவர்கள் உள்ளே, திரையருகே. "மெதுவா போறவங்க கதவாண்ட. ஓட முடிஞ்சவன் உள்ள குந்து." விளக்கு மூன்று முறை அணைந்து எரிந்தால் வெளியேற வேண்டும், காது கேளாதவர்களுக்கும் அது புரியும். படத்துக்கு முன் எல்லோரையும் ஒருமுறை அப்படி வெளியே அனுப்பி, மறுபடி உட்காரவைத்தார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாரி கத்தினார்: "இன்னா நைனா, படம் காட்றியா, டிரில் எடுக்கிறியா?"

"ரெண்டுமே ஃப்ரீ மாமு. எந்திரி."

காரணம் கேட்டேன். "காத்து எப்போ மாறும்னு தெரியாது மேடம். ஒரு தபா எங்க தெருவுல ஃபேக்டரி கேஸ் நாத்தம். அல்லாரும் ஓடிட்டாங்கோ. நான் பூத்துக்குள்ள கட்டையத் தேடிகினு இருந்தேன்." மிகைப்படுத்துகிறார் என்றே எண்ணினேன்.

இரண்டாம் ஆண்டு, சிறப்பு விருந்தினரோடு படமெடுக்க, சக்கர நாற்காலிகளைத் திரைக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார் புகைப்படக்காரர். சேகர் அப்போது அங்கில்லை. என்னைக் கேட்டார்கள். "பத்து நிமிஷம்தானே" என்றேன். படம் எடுத்து முடிந்தபோது சேகர் வெளியே விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டதென்று நான் விளக்கை அணைத்துப் படத்தைத் தொடங்கினேன். நாற்காலிகள் அங்கேயே இருந்தன.

சற்று நேரத்தில் கண் எரிந்தது. சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு தொண்டை அடைத்தது. வாசலிலிருந்து சேகர் விளக்கை மூன்று முறை அணைத்து எரியவிட்டார். பழகியபடி எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். முதலில் போகவேண்டிய ஆறு நாற்காலிகள் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன.

நான் கைக்குட்டையோடு தெருவுக்கு வந்துவிட்டேன். சேகர் கதவில் முதுகைக் கொடுத்து, அது மூடாமல் தாங்கி நின்றார். "மாரி, திரும்பிப் போ! ஆளுக்கு ஒண்ணா தள்ளிகினு வாங்கடா!" ஆறாவது நாற்காலி வெளியேறிய பிறகுதான் அவர் வந்தார்.

யாரும் சாகவில்லை. எந்தத் தொழிற்சாலையிலிருந்து கசிந்தது என்று எவரும் சொல்லவுமில்லை. அன்று பிடித்த இருமல் மட்டும் அவரை விடவில்லை.

ஆஸ்பத்திரி வரிசையில் ஒருநாள், நாற்காலிகளை நகர்த்தச் சம்மதித்தது நான்தான் என்றேன்.

"தெரியும் மேடம்." இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். "இனிமே நீங்க கதவாண்ட நில்லுங்க."

அதன்பின் ஒவ்வொரு விழாவிலும் நின்றேன். ஒரு படமும் முழுதாகப் பார்க்கவில்லை.

செவ்வாய் மாலை, எர்ணாவூர்க் குடியிருப்பில் அவர் வீட்டுக்குள் மாரியும் மற்றவர்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சக்கர நாற்காலிகள் வாசலோரம். யாரும் சொல்லி வைக்கவில்லை. காற்று மாறியது. இலேசாக அந்த நெடி. அழுகை நின்றது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதவை முழுதாகத் திறந்து, முதுகைக் கொடுத்து நின்றேன். ஆறு நாற்காலிகளும் தெருவுக்கு இறங்கின. பின்னால் அவரைத் தூக்கி வந்தார்கள்.

போய்வாருங்கள் சேகர். உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் நிற்கிறேன்.