சுவரோரம் நின்றவர்

அப்போது புனேயில் இருந்தோம். நாள்பட்ட வலி உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அங்கே சாங்வி என்ற பகுதியில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். அம்மாவின் முதுகுவலிக்காக நானும் அவளை அழைத்துப் போவேன்.

அங்கே ஒரு தமிழர் வருவார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் மனைவிக்கான குஷன். மனைவியை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மா திரும்பினால் கண்ணில் படுகிற மாதிரி, முடியும்வரை சுவரோரம் நிற்பார்.

ஒருநாள் அவர் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்து நாற்காலி கொண்டுபோனேன்.

"வேண்டாம்ப்பா," என்றார் தணிந்த குரலில். "நான் அசந்து உக்காந்தா அவ பார்த்துடுவா. அப்புறம் எவ்வளவு வலிச்சாலும் வலிக்கலைன்னுடுவா."

அன்று வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோஃபாவில் சாய்ந்தேன்.

"இன்னிக்கு எனக்கு வலியே இல்லடா," என்றாள் அம்மா.

எழுந்து நின்றேன்.