எல்லாப் பானையும் ஒரே உயரத்தில்

தட்டில் தண்ணீரை ஊற்றிக் கூண்டுக்குள் வைத்ததும் ரோசலின் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். கையில் காபி டம்ளர். எதிரே துவைக்கிற கல்லின்மேல் கையகல முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்ந்திருக்கும். குருவிகளை அதில்தான் பார்ப்பாள். நேராகத் திரும்பிப் பார்த்தால் அவை நல்ல பிள்ளைகளாக நடித்துவிடுமாம். “நாம பாக்கலைன்னு நெனச்சாத்தான் அதுக குணம் தெரியும்” என்பாள். யார் யாரைத் தட்டிலிருந்து விரட்டுகிறார்கள், எவன் குளிக்காமல் ஒதுங்கி நிற்கிறான், எவள் வாலில் இறகு குறைந்திருக்கிறது என்பதெல்லாம் காபி ஆறுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மேட்டுப்பட்டியில் அவர்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவது திருவிழா வருவது மாதிரி. குடங்கள் வரிசையில் நிற்கிற ஊரில் குருவி குளிக்கத் தண்ணீர் வைப்பதைப் பக்கத்து வீட்டுக் காதர் பீவியால் பொறுத்துக்கொள்ள முடியாது. சுவருக்கு மேலே தலையை நீட்டி, “மனுசரு குளிக்கத் தண்ணியக் காணோம், ஒங் குருவிகளுக்கு ராஜ குளியலு” என்பாள். ரோசலின் சிரிப்பாளே தவிர பதில் சொல்லமாட்டாள். தன் குளியலில் ஒரு சொம்பைக் குறைத்துத்தான் அந்தத் தட்டை நிரப்புகிறாள் என்பதைக்கூடச் சொன்னதில்லை.

பேச்சு அவளுக்கு எப்போதுமே குறைவு. தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கம்பி போட்ட ஜன்னலில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். முகங்கள் தெரியாது. கைகள்தான் தெரியும். பூ கட்டி நாரின் பச்சை ஏறிய விரல், முதல் மருதாணி போட்ட கை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எக்கி நீட்டுகிற கை என்று கைகளை வைத்தே ஆட்களை அறிவாள். பொங்கலுக்குப் புதுப்படம் வந்து நான்கைந்து கைகள் ஒன்றாக நுழைந்து மல்லுக்கட்டும்போதும் அவள் வாயைத் திறக்கமாட்டாள். தன் உள்ளங்கையை விரித்து ஓட்டைக்கு வெளியே காட்டுவாள். செத்தப் பொறு என்று அர்த்தம். போலீஸ்காரர் விசிலுக்கு அடங்காத கூட்டம் அந்தக் கைக்கு அடங்கும்.

அந்தத் தியேட்டரில் படம் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு ஜோடியில்தான் இந்தக் குருவிகள் தொடங்கின. இப்போது கூண்டு ஆள் உயரத்துக்கு, கட்டில் நீளத்துக்கு நிற்கிறது. மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் மகன் ஸ்டான்லி இரும்புச் சட்டம் வெட்டி வலையடித்துக் கொடுத்தது. உள்ளே இரண்டு இனம். ஜீப்ரா பின்ச் என்கிறார்களே, சிவந்த மூக்கும் மார்பில் கோடும் உள்ள துக்கிளியூண்டு குருவி, அதை அவள் ‘கோட்டுக்காரன்’ என்பாள். ரப்பர் பொம்மையை அமுக்கினது மாதிரி நாள் முழுக்கக் கத்தும். எதையும் தன்னுடையது என்று சொல்லும். இன்னொன்று பெங்காலி. காப்பிக்கொட்டை நிறமும் வெள்ளையும் திட்டுத்திட்டாக, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சண்டை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கூட்டுக்கென்று எத்தனை சின்னப் பானை கட்டினாலும் எல்லாம் ஒரே பானைக்குள் அடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் அவளும் தவறு செய்தாள். ஜோடிக்கு ஒரு பானை என்று கணக்காக வாங்கி, ஆணி இருந்த இடங்களில் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயுமாகக் கட்டினாள். எல்லாக் கோட்டுக்காரனுக்கும் உச்சிப் பானைதான் வேண்டியிருந்தது. கீழே மூன்று சும்மா கிடக்க, மேலே இருந்த ஒன்றுக்கு அடிதடி. ஒருநாள் காலையில் பெட்டைக் குருவி ஒன்று மண்டையில் இறகே இல்லாமல் தரையில் செத்துக் கிடந்தது. அன்று கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தபடியே அவள் யோசித்தாள். அடிதடியெல்லாம் பால்கனி டிக்கெட்டுக்குத்தான் வருகிறது. பெஞ்சு டிக்கெட்டுக்கு யாரும் சட்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. மறுநாள் பானைகளை எல்லாம் இறக்கி ஒரே உயரத்தில் கட்டினாள். ஜோடிக்கு ஒன்று என்ற கணக்கையும் விட்டுவிட்டு, கூடுதலாகச் சிலவற்றை வெறுமனே தொங்கவிட்டாள். “காலியா ரெண்டு கெடந்தாத்தான் குடியிருக்கிறவன் நிம்மதியா இருப்பான்” என்பது அன்றிலிருந்து அவள் சட்டம்.

இன்னும் சில சட்டங்கள் உண்டு. லவ் பேர்ட்ஸைச் சேர்க்கக்கூடாது, குருவிக் காலைக் கடித்துவிடும். தினையை ஒரே தட்டில் போடக்கூடாது. தனி ஆளாக எதையும் விடக்கூடாது. ஜாவாக் குருவி கூடவே கூடாது. அதன் மூக்கு தடிமன், கொத்தினால் சின்னக் குருவி தாங்காது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, மாசி மாதத்தில் ஸ்டான்லி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போர்வெல் மோட்டார் சரிபார்க்கப் போய்வந்ததில் ஏற்பட்ட பழக்கம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பெண்ணின் பெயர் தமிழ்மதி. கழுத்தில் புதுத் தாலி. கையில் ஒரு துணிப்பைகூட இல்லை. இரண்டு கையாலும் ஒரு சின்னக் கம்பிக் கூண்டை அணைத்துப் பிடித்திருந்தாள். அதற்குள் சாம்பல் உடம்பும் வெள்ளைக் கன்னமுமாக ஒரு ஜோடி ஜாவா.

வீட்டைவிட்டுப் போகிறவள் குருவிக்கூண்டோடு போவாள் என்று யாருக்குத் தோன்றும்? சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியவளைத் தோட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் விற்கிறதா என்று விலை கேட்டிருக்கிறார். துணி எடுத்திருந்தால் மாட்டியிருப்பேன் என்று பிற்பாடு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அன்று சிரிக்கிற நிலையில் இல்லை. “உட்டுட்டு வந்தா எங்கப்பாரு கோவத்துல தொறந்து உட்ருவாருங்க. கூண்டுலயே பொறந்ததுங்க. வெளிய பொழைக்காதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

ரோசலின் முதலில் அந்தக் கைகளைப் பார்த்தாள். கதிரறுத்த தழும்பு, காய்ப்பு ஏறிய விரல்கள். பிறகு கூண்டைப் பார்த்தாள். மருமகளிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, “ஜாவா இங்க சேராதுத்தா” என்பதுதான். கோபமில்லை. முகத்துக்கு நேரே பேசிப் பழகாதவளுக்கு, தெரிந்த ஒன்றைச் சொல்லித் தொடங்கத்தான் தெரிந்தது. ஆனால் கேட்டவள் அந்தக் கூண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சின்னக் கூண்டு பெரிய கூண்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு முக்காலியில் இருந்தது. கோட்டுக்காரர்கள் வலையில் தொற்றிக்கொண்டு அதைப் பார்த்துக் கத்தித் தீர்த்தன. ஜாவா இரண்டும் ஒன்றும் பேசாமல் ஒரே குச்சியின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்குள்ளும் சத்தமில்லை. ரோசலினின் அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு இடம். கண்ணை மூடிக்கொண்டு மிளகாய்த் தூளை எடுப்பாள். தமிழ்மதி சமைக்க நின்றால், “உப்பு எங்கீங்க அத்தை?” என்று கேட்பாள். “மேல் தட்டு, ரெண்டாவது.” “புளிங்க?” “அதுக்குப் பின்னால.” எடுத்ததை வைக்கும்போது டப்பா ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால், ரோசலினின் கை தானாகப் போய் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்கும். அவள் வேண்டுமென்று செய்தது இல்லை. தமிழ்மதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்தினாள். பிறகு அடுப்படிக்கு வருவதை நிறுத்தினாள். ரோசலின் மேட்னிக்குக் கிளம்பும்போது பார்த்தால், கொல்லையில் முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி, தன் ஜாவாக்களிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை, சாப்பிட்ட கையைக் கழுவாமலே ஸ்டான்லி சொன்னான்.

“எம்மா, நாகல் நகர்ல ஒரு வீடு வருது. திங்கக்கிழம சொல்றேன்னுட்டு வந்துருக்கேன்.”

“யாருக்குலே?”

“எங்களுக்குத்தான். அவ ஒண்ணும் சொல்லலம்மா. சொல்லாததுதான் பாக்க முடியல.”

ரோசலின் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கணவர் செத்தபோது ஸ்டான்லி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் அவன் சத்தமும் குருவிச் சத்தமும்தான். தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டை மறுபடியும் கழுவினாள். இந்த ஊரில் தண்ணீரை அப்படி யாரும் செலவழிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்வந்து, சேலையைக்கூட மாற்றாமல் அவள் கூண்டைத் திறந்தாள். ஈரத் துணியால் ஒவ்வொரு குருவியாகப் பிடித்து, மூங்கில் கூடைகளில் விட்டு, பழைய சேலையைப் போர்த்தினாள். பானைகளை அவிழ்த்தாள். குச்சிகளை உருவினாள். கொல்லை முழுக்கப் பானையும் கம்புமாகப் பரவிக் கிடந்தது. சுவருக்கு மேலே காதர் பீவியின் தலை தெரிந்தது.

“என்ன ரோசலு, வீட்டக் காலி பண்ணுறியா?”

“ஆமாக்கா, குடி மாத்துறேன்” என்றாள் ரோசலின். பீவிக்கு அவளிடமிருந்து பதில் கிடைத்ததே அதிசயமாக இருந்தது.

கதவோரம் நின்ற தமிழ்மதியை அவள் கையசைத்துக் கூப்பிட்டாள். பெரிய கூண்டின் தரையைக் கூட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினாள். ஒரே மூச்சில் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

“புதுசா ஒரு ஜோடிய உள்ள விட்டம்னா, அதுக ஓரத்துல போயிக் குந்திக்கிரும். பழசுக, இது எம் பான, இது எங் கம்புன்னு மல்லுக்கு நிக்கும். பழசச் சொல்லியும் குத்தமில்ல, அதுக்கு அம்புட்டும் மனப்பாடம். அதான் எல்லாத்தையும் வெளிய எடுத்துப்புட்டு, எடத்த மாத்திக் கட்டி, எல்லாரையும் ஒண்ணா விடணும். உள்ள போனதும் பழசும் முழிக்கும், புதுசும் முழிக்கும். முழிக்கிற நேரத்துல சண்ட போடத் தோணாது.”

தமிழ்மதி கீழே கிடந்த ஒரு பானையைக் கையில் எடுத்தாள்.

“இத எங்கீங்க கட்டறது?”

“ஒனக்குத் தோணுன எடத்துல கட்டு. எல்லாம் ஒரே ஒசரத்துல இருக்கணும், அம்புட்டுத்தேன்.”

அவள் கட்டினாள். முன்பு பானைகள் இருந்த பக்கம் குச்சிகள் போயின. குச்சி இருந்த பக்கம் பானைகள் வந்தன. ஜாவாவின் உடம்புக்கு ஏற்றபடி வாய் அகன்ற இரண்டு பானைகளும் அதே வரிசையில் தொங்கின. தினைத் தட்டுகளை ரோசலின் மூலைக்கு ஒன்றாக வைத்தாள். கூடைகளையும் சின்னக் கூண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே வைத்துத் திறந்துவிட்டு, இரண்டு பேரும் வெளியே வந்து கதவை அடைத்தார்கள்.

தமிழ்மதி வலைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். ரோசலின் அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, கூண்டுக்கு முதுகு காட்டித் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கையகலக் கண்ணாடி. அதில் இரண்டு பேர் பார்க்கவேண்டுமென்றால் தலையோடு தலை ஒட்டித்தான் ஆகவேண்டும். கோட்டுக்காரன் ஒருவன், தன் பானை இருந்த பழைய மூலைக்கு நேராகப் பறந்து போய், வெறும் வலையில் மோதாத குறையாகப் படபடத்துத் திரும்பினான். இன்னொருவன் தரையில் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெங்காலிகள் கிடைத்த முதல் பானைக்குள் ஒட்டுமொத்தமாக நுழைந்தன. ஜாவா இரண்டும் வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஆண் குருவி இறங்கி வந்து தினையைக் கொறித்தது. தட்டின் அந்தப் பக்கத்து விளிம்பில் ஒரு கோட்டுக்காரன் வந்து நின்றான். ஜாவா மூக்கைத் தூக்கியது. கோட்டுக்காரன் ஒரு அடி தள்ளி நின்று, தின்னத் தொடங்கினான்.

“நாளைக்கு ஒண்ணு ரெண்டு கொத்து விழுகத்தான் செய்யும்” என்றாள் ரோசலின். “பானை மிச்சம் கெடக்குல்ல, போயிப் படுத்துக்கிரும்.”

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். செத்த நேரத்தில் அடுப்படியில் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. தமிழ்மதி போய் எட்டிப் பார்த்தாள். அலமாரித் தட்டு முழுக்கக் காலி. டப்பா, டம்ளர், கரண்டி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் தரையில் பரவிக் கிடந்தன. நடுவில் நின்ற ரோசலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இத நீ அடுக்கு.”

“அத்தை, அப்புறம் உங்களுக்கு எதெது எங்கன்னு தெரியாமப் போயிருமுங்க.”

ரோசலின் தரையில் கிடந்த டப்பாக்களைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். மேட்னிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலக் காட்சிக்குக் கூட்டமில்லை. இருட்டின கையோடு திரும்பிவிட்டாள். ஸ்டான்லி அடுப்படித் தட்டில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

“எம்மா, டம்ளர் எங்க?”

“எனக்கென்னலே தெரியும்? நானே இப்பத்தான் வாரேன்” என்று சொல்லி அவனை ஒதுக்கிவிட்டு, அடுப்பில் பாலை வைத்தாள். காப்பித்தூளுக்குக் கை வழக்கமான இடத்துக்குப் போனது. திறந்தாள். கொத்தமல்லி. மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். பொட்டுக்கடலை. கதவருகில் நின்ற தமிழ்மதிக்குப் பொறுக்கவில்லை. கீழ்த் தட்டைக் காட்ட அவள் விரல் எழுந்தது. வாயும் திறந்தது.

ரோசலின் திரும்பாமலே, கவுண்டர் ஓட்டையில் காட்டுகிற மாதிரி, உள்ளங்கையை விரித்துப் பின்பக்கமாக நீட்டிக் காட்டினாள். பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அவள் அடுத்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.