முத்துராணி வீட்டு ஈரச்சுவர்

சேரன்மகாதேவியில் எங்கள் தெருவில் பீடி சுற்றாத பெண் கிடையாது. என் அண்ணன் தளவாயின் மனைவி முத்துராணி மதினியும் சுற்றினாள். கை வேகத்தில் நான் அவளைவிட ஒரு படி மேல். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்து போனது. அதற்குப் பிறகு மதினி வீட்டுப் பின்சுவர் காயவே இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, கறுப்பாகப் பூசணம் படரும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மாசி முடிவதற்குள் பழைய கறுப்பு எட்டிப் பார்த்துவிடும்.

அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில்தான் மதினியின் ஐந்து வயது மகள் வேணி படுப்பாள். அவளுக்கு இரைப்பு. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் வாசல் வரை கேட்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், வீட்டில் ஈரம் ஆகாது என்றும் சொன்னார்கள். வெள்ளம் குடித்த சுவருக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று அண்ணன் கையை விரித்தான். நானும் ஆமாம் போட்டேன். வெள்ளத்தின்மேல் பழியைப் போடுவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் பீடி இலை இருப்பு இல்லை என்று கம்பெனியில் மூன்று வாரம் வேலை தரவில்லை. தெருவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. வெளியே அடைமழை. மதினி மட்டும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை மழையிலும் சுவர் காய்ந்துகொண்டு வந்தது. வேணியின் விசிலும் குறைந்தது. மறுபடி இலை வந்தது. சில நாளில் சுவர் வேர்த்தது, பிள்ளைக்கு இரைத்தது.

பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரச்சாக்கில் பொதிந்து வைத்தால்தான் மறுநாள் மடங்கும். காற்றுப் பட்டால் ஓரம் நொறுங்கிவிடும். அதனால் காற்று புகாத இடமாகப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் சுவரோடு தள்ளி வைப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். மதினி என்னிடம் வந்து சொன்னாள்: "வெள்ளம் ஒரு நாளுதான் வந்துது, இசக்கி. தெனமும் தண்ணி கொண்டு வச்சது நாந்தான்."

அவள் அழவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? தெருவே செய்கிற வேலையை நீ மட்டும் மாற்றினால் கம்பெனிக் கணக்குப்பிள்ளை சரியில்லை என்று பீடியைக் கழித்துத் தள்ளிவிடுவார் என்று பயமுறுத்தினேன்.

மறுநாளே கொல்லையில், வீட்டுச் சுவரில் படாமல், ஓலைக்கொட்டகை ஒன்று போட்டாள். சாக்கு அங்கே போனது. அடுத்து பின்சுவரில் சன்னல் வேண்டும் என்றாள். கள்ளன் வருவான் என்றான் அண்ணன். அவன் வேலைக்குப் போனதும் கடப்பாரையை எடுத்து அவளே இடித்துவிட்டாள். சாயங்காலம் வந்தவன் அந்த ஓட்டை வழியாகக் கொல்லையை எட்டிப் பார்த்தான். பிறகு சன்னலுக்குக் கம்பி வாங்கக் கிளம்பினான்.

வேணியை என் வீட்டில் விட்டுவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கறுத்த பூச்சை எல்லாம் சுரண்டி எறிந்தாள் மதினி. இந்தத் தடவை சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே சுண்ணாம்பைத் தொட்டாள்.

நான் பயமுறுத்தியது பலிக்கத்தான் செய்தது. கொட்டகைக் காற்றில் இலை நொறுங்கி, முதல் வாரம் இரண்டு நாள் பீடியைக் கணக்குப்பிள்ளை கழித்தார். 'சொன்னேம்லா' என்று முகத்தை வைத்துக்கொண்டேன். மதினி பெரிய மண்பானை ஒன்றைக் கொண்டுவந்து, இலையைச் சாக்கோடு அதற்குள் திணித்து மூடினாள். அதன்பிறகு அவள் பீடி கழியவில்லை.

மறுவருடம் கார்த்திகையில், மழை பெய்த ஒரு மத்தியானம் அங்கே போனேன். வேணி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்தேன்.

பீடி சுற்றிக்கொண்டிருந்த மதினி நிமிராமலே சொன்னாள்: "மூச்சு இருக்கு, ஏட்டி. இரைப்புதான் போயிட்டு."

நான் அங்கே உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து, என் மகன் படுக்கிற கட்டிலுக்கு அடியில் கிடந்த ஈரச்சாக்கை இழுத்துக் கொல்லையில் போட்டேன்.